மழையூரில் சும்மா இருமக்கூடாது

போன புதன்கிழமை மத்தியானம் வெள்ளம் வந்தது. நான்தான் வரவழைத்தேன்.

மலேசியாவில் வெள்ளத்துக்குப் பேர்போன சிகாமட்டில் குடியிருப்பவன் வாயிலிருந்து 'வெள்ளம்' என்ற சொல் வந்தால் போதும், சொந்தபந்தமெல்லாம் போனை எடுத்துவிடும். "சாமானெல்லாம் மாடிக்கு ஏத்திட்டியா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆகவே யாரும் பதற வேண்டாம். நம் ஆறு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வெள்ளம் விட்டது மழையூரில்.

மழையூர் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஏழெட்டுப் பேருடைய கைப்பேசியில் இருக்கிறது.

விளக்கிச் சொல்கிறேன், விளங்குகிறதா பாருங்கள். எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை.

என் மனைவி புஷ்பா பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓர் இணையக் குழுவில் சேர்ந்தாள். அங்கே ஆளுக்கொரு பாத்திரம். எல்லாரும் சேர்ந்து ஒரே கதையை, துண்டு துண்டாக, மாறி மாறி எழுதுகிறார்கள். நாடகம் மாதிரிதான். ஆனால் மேடை இல்லை, ஒத்திகை இல்லை, முடிவு யாருக்கும் தெரியாது. உன் ஆளை நீ நடத்து, அடுத்தவர் ஆளைத் தொடாதே... அவ்வளவுதான் சட்டம்.

"நீங்கதான் எழுத்தாளராச்சே, வாங்களேன்" என்றாள். எழுத்தாளர் என்று வீட்டில் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் போய் விழுந்தேன்.

மழையூரில் புஷ்பா, ரத்னா என்ற தையல்காரி. நான், ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே கோப்பிக் கடை வைத்திருக்கும் சிங்காரம். ஸ்டேஷன் மாஸ்டராக வருபவர் யோங் பெங்கில் மருந்துக்கடையில் வேலை செய்யும் சாந்தி. குழுவை நடத்துவதும் அவர்தான். மற்றவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் அடிக்க வருவார்களோ என்னவோ.

முதல் வாரம் எனக்கு நிஜமாகவே தொண்டை சரியில்லை. ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் செய்த வேலை. இருமிக்கொண்டே டைப் செய்ததில் சிங்காரமும் இருமிவிட்டார். 'சிங்காரம் லேசாக இருமிவிட்டுக் கல்லாவைத் துடைத்தார்.' நான் எழுதியது இவ்வளவுதான்.

சாயங்காலம் திறந்து பார்க்கிறேன், மழையூரே துக்கத்தில் இருக்கிறது. டாக்டர் கோப்பி குடிக்க வந்தவர், சிங்காரத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குடிக்காமலே எழுந்து போயிருந்தார். பூசாரிக்குக் கனவில் பூட்டிய கடை ஒன்று தெரிந்திருந்தது. தச்சர் ஆறடிப் பலகை வாங்கியிருந்தார். பலகை!

கதைக்கு வெளியே பேசிக்கொள்ள எங்களுக்கு அதே குழுவில் தனி அரட்டை அறை ஒன்று உண்டு. அங்கே ஓடினேன்.

"அலமாக்! யாருங்க பலக வாங்குனது? அது சும்மா இருமல்!"

சாந்தியிடமிருந்து பதில் வந்தது. "அண்ணே, மழையூர்ல சும்மான்னு ஒண்ணு கெடையாது. போட்டது நீங்க. போட்டா மொளைக்கும் லா."

அப்போதுதான் அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரிந்தது. பின்னால் நடக்கப்போகிற ஒன்றுக்கு முன்கூட்டியே ஒரு சின்ன அறிகுறியைக் கதையில் வைப்பதை இவர்கள் 'விதை போடுறது' என்கிறார்கள். யாரும் போடலாம். யாரும் அதை எடுத்து வளர்க்கலாம். ஆனால் போட்டவர், 'இது இன்ன விதை' என்று வெளியே சொல்லக்கூடாது. பார்த்தவரும், 'என்ன விதை?' என்று போட்டவரைக் கேட்கக்கூடாது. கேட்டால் ருசி போய்விடுமாம்.

நான் தனியாக எழுதிப் பழகியவன். நான் போட்டதை நானே அறுப்பேன், பிடிக்காவிட்டால் நானே பிடுங்கிப் போடுவேன். இங்கே அது நடக்காது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்பார்கள் இல்லையா? மழையூரில் முளைக்கும். பந்தல் போட்டு வளர்க்க ஆளும் தயாராக இருக்கும்.

சிங்காரத்தைக் காப்பாற்றியது ரத்னாதான். சுக்குக் கசாயம் வைத்துக் கொண்டுவந்து, "ஐஸ் தண்ணிய குடிச்சுட்டு ஊர பயமுறுத்துறாரு" என்று நாலு பேர் கேட்கத் திட்டினாள். நான் போட்ட விதையை அவள் பிடுங்கவில்லை, கவனியுங்கள். வேறு பக்கமாகத் திருப்பி வளர்த்துவிட்டாள். தச்சரும் பெருந்தன்மையாக அந்தப் பலகையில் கடைக்கு ஒரு பெஞ்சு செய்து கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது... என் மனைவி இத்தனை கெட்டிக்காரியா?

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன். அதாவது, கெட்டுப்போனேன். மழையூரில் ஒரு கதவு கிரீச்சிட்டால்கூட, ஏன் கிரீச்சிட்டது என்று யோசித்தேன். யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டிலும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எழுதுவதற்கு முன்னால் புஷ்பா வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். துணி மடித்துக்கொண்டிருப்பவள் திடீரென்று, "இந்த ஊர நம்பி ஒரு ஊசிய கூட வைக்க முடியாது!" என்பாள். முதலில் திடுக்கிட்டேன். பிறகு பழகிவிட்டது. 'நல்லாருக்கு' என்பேன், அல்லது 'கொஞ்சம் நீளம்' என்பேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று மட்டும் கேட்க மாட்டேன். வீடாக இருந்தாலும் விதி விதிதான்.

அப்படித்தான் ஒரு நாள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கெழம ஆனா நான் போயிருவேன். நீங்க ஒத்தையில சமாளிச்சுக்குவீங்களா?"

"நல்லாருக்கு" என்றேன். "'ஒத்தையில'க்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துனா இன்னும் நல்லாருக்கும்."

கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அந்த வசனம் மழையூரில் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அதற்குப் பதிலாக வேறு விதைகள் வந்து விழுந்தன. ரத்னா ஒரு பழைய சேலையை வெட்டிப் பயணப் பை தைத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் காலை ரயிலைப் பற்றி விசாரித்தாள். தையல் மெஷினுக்கு உறை போட்டாள். சிங்காரம் கடைக்கு வந்து, "ஒங்க கோப்பி நல்லாத்தான் இருக்கு" என்றாள். எதற்கு இப்போது திடீர்ப் பாராட்டு?

சரி, சிங்காரம் கிடக்கட்டும். வீட்டிலும் விதை விழுந்தது. எங்கள் வீட்டு அலமாரி மேல் புதுசாக ஒரு டிராலி பை உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் ஸைனாப்புடன் வேலியோரமாக நின்று, கறிவேப்பிலைச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று புஷ்பா மலாயில் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கக் ஸைனாப், மழை வரும் போலிருக்கிறதே என்று வானத்தைப் பார்த்தார்.

எது கதை? எது வீடு? போகப்போவது ரத்னாவா, புஷ்பாவா? போனால் திரும்பி வருவாளா? நான் என்ன செய்தேன்? அல்லது, என்ன செய்யவில்லை?

பயமாக இருந்தது. ஒளிக்காமலே சொல்கிறேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

வாயைத் திறந்து கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிக் கேட்பது? கதைக்காகத்தான் என்றால், விதையைப் பற்றிக் கேட்ட குற்றம் வரும். கதை இல்லை என்றால்... பதில் வந்துவிடுமே!

ஆகவே வெள்ளம் விட்டேன்.

'பேய்மழை. ஆறு கரையை உடைத்தது. தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. இனி மழையூருக்கு ரயில் வராது.' எழுத்துப்பிழைகூடப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

சாந்தி கொதித்துப் போனார். "அண்ணே, யார கேட்டு வெள்ளம் விட்டீங்க? என் ஸ்டேஷனே முழுகிருச்சு! ரத்னாக்கா எவ்ளோ பொறுமையா வித போட்டுக்கிட்டு வராங்க. அடுத்தவங்க போட்டத வளக்கலாம், திருப்பலாம். இப்படி மூழ்கடிக்கக்கூடாது லா."

வெள்ளத்தை அழித்தார்கள். கொஞ்ச நாளைக்கு நான் வாசிக்கலாம், எழுதக்கூடாது என்று தீர்ப்பு. இந்த வயதில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தது மாதிரி இருந்தது.

கைப்பேசியைப் பிடித்தபடி புஷ்பா கூடத்துக்கு வந்தாள்.

"என்னாங்க, எதுக்கு வெள்ளம்?"

"போகக்கூடாதுன்னு."

"யாரு? ரத்னாவா?"

"...நீ."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஜொகூர் பாருல பரமேஸ் நர்சரி நடத்துறால்ல, டீச்சர் வேணும்னு கூப்பிட்டா. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். அக்கா வீட்டுல தங்கிக்கலாம். வெள்ளிக்கெழம சாயங்காலம் ரயில் ஏறுனா வந்துருவேன். இததான் அன்னிக்கே சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"பயத்தங்கா நறுக்குறப்போ. திங்கக்கெழம ஆனா போயிருவேன், ஒத்தையில சமாளிச்சுக்குவீங்களான்னு கேட்டேன். நீங்க வசனத்துக்கு மார்க் போட்டீங்க."

அவள் அதோடு விடவில்லை.

"வீட்டுல கேட்டா காதுல ஏறல. சரி, மழையூர்லதான் ஒரு இருமலக்கூட விடாம பாக்குறாரே, அங்க போயி கேட்டுப் பாப்போம்னு நெனச்சேன். 'போயிட்டு வாம்மா'ன்னு சிங்காரமாவது ஒரு வார்த்த சொல்வாருன்னு பாத்தேன். அவரு வெள்ளத்த விட்டாரு."

இந்த இடத்தில் அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடம் மூடுனதுலேருந்து என்னைய யாரும் டீச்சர்னு கூப்பிடல. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. அவளை எழுத்தாளர் மனைவி என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறேன். டீச்சர் என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

உங்களில் பாதிப் பேர் அந்தப் பயத்தங்காயிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். கதைக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சுலபம். நான் அடுப்படியிலேயே நின்றேன். முன்கூட்டியே சொல்லி வைப்பது எதற்கு? பின்னால் நடக்கும்போது, 'அட, அப்பவே சொன்னாங்களே!' என்று நாம் நினைப்பதற்குத்தான். கதையில் அப்படி நினைத்தால் கைதட்டுகிறோம். வீட்டில் நினைக்கும்போது முழிக்கிறோம்.

தடை நீங்கியதும் சிங்காரத்துக்காக ஒரே ஒரு வரி எழுதினேன். 'போய்ட்டு வாம்மா ரத்னா. நீ ஒக்கார்ற பெஞ்சு இங்கயேதான் கெடக்கும்.' சாந்தி தனி அறைக்கு வந்து, "அண்ணே, இது நல்ல வித" என்றார். இது விதையா? நான் பதிலைத்தானே எழுதினேன்? குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. கதையில் ரத்னாவுக்கும் வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறதா, இல்லை வேறு எதற்காவது போகிறாளா என்பதும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

இந்தத் திங்கட்கிழமை காலை சிகாமட் ஸ்டேஷனுக்கு டிராலி பையை இழுத்துக்கொண்டு நான்தான் போனேன். ரயில் சரியாகவே வந்தது. வெள்ளம் எதுவும் இல்லை. படி ஏறப் போனவளிடம், வீட்டிலேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சமாளிச்சுக்குவேன், டீச்சர்."

படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நல்லாருக்கு" என்றாள். "ஆனா நம்புற மாதிரி இல்ல."

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. பின்னாலிருந்து ஒரு பொடிசு, "டீச்சர்! டீச்சர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "இருடா கண்ணு" என்று அங்கே ஒரு வார்த்தை, "சாப்பிட்டீங்களா?" என்று இங்கே ஒரு வார்த்தை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! கறிவேப்பிலை நலமா என்று கேட்டாள். கக் ஸைனாப் தவறாமல் ஊற்றுகிறார் என்றேன். என்னை நம்பி அந்தச் செடியைக்கூட விட்டுப்போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை வைக்கப்போகும் நேரத்தில் நான் இருமினேன்.

"என்ன இருமல்?"

"சும்மா இருமல்."

"சும்மான்னு ஒண்ணு கெடையாது. மேத்தட்டுல, மொளகு டப்பாவுக்குப் பின்னாடி சுக்கு இருக்கு. இடிச்சே வெச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். இடித்தே வைத்திருந்தாள்.

இருமல் நிஜமாகவே வந்ததா என்று கேட்கிறீர்களா? போட்டவர் சொல்லக்கூடாது. விதி விதிதான்.