நான் எண்ணாத தேனீக்கள்

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம், நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பூசணித் தோட்டத்தில் நடந்தது இது.

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக, பூசணிப் பூக்களுக்கு வரும் தேனீக்களை எட்டுக் காலைகள் நான் எண்ணவேண்டும். பூசணிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். தோட்டக்கார அக்கா தேனீயை நம்பியிராமல், நாள்தோறும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூக்களில் தானே தட்டிவிடுவார். இரண்டு பிள்ளைகளோடு அவர் தனித்து நடத்திய வீட்டுக்கு அந்த ஒரு போகமே ஆதாரம்.

இரண்டு காலைகள் எண்ணினேன். தேனீக்கள் மொய்த்தன. மூன்றாம் நாள் எனக்கு விவாதப் போட்டிக்கான பயிற்சி தொடங்கியது. மீதி ஆறு நாள்களின் அட்டவணைக் கட்டங்களை, முதலிரு நாள்களின் எண்களைச் சற்றே கூட்டியும் குறைத்தும், விடுதி அறையில் இருந்தபடியே நிரப்பினேன். அது களவு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊர் விவசாயிகள் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எட்டு நாளும் கண்ணாரக் கண்டவனாகவே பேசினேன். இயற்கை தன் கடமையைச் செய்கையில் மனிதக் கை எதற்கு என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

“தம்பி கதைக்கிற கதைக்கு உந்தத் தேனீயள் வரிசையிலை வந்து நிக்கும்,” என்று அக்கா சிரித்தார். “அப்ப நாளையிலை இருந்து நான் தட்டேல்லை. விடிய வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போறன்.”

“ஓம் அக்கா, பயப்பிடாதேங்கோ.”

மூன்று வாரம் கழித்து, ஆய்வறிக்கைக்குப் படம் எடுக்கப் போனேன். செம்மண் எங்கும் மஞ்சளாய் வெம்பிய பிஞ்சுகள். அக்கா கொடிகளை இழுத்து மாட்டுக்குக் குவித்துக்கொண்டிருந்தார். நான் வராமல்விட்ட அந்த நாள்களில், பக்கத்துக் காணி மிளகாய்க்குக் காலை வேளையில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள்; தேனீக்கள் அதோடு அற்றுப்போயின.

“தேனீக்கு உங்கடை பேச்சு விளங்கேல்லைப் போலை, தம்பி.” இம்முறை அவர் சிரிக்கவில்லை. “வரத்துக் குறைஞ்சமாதிரி எனக்கும் பட்டதுதான். எட்டு நாளும் எண்ணின பிள்ளை பிழை சொல்லுமோ எண்டு என்ரை கண்ணை நம்பாமல் விட்டிட்டன்.”

நான் கமராவைப் பைக்குள் மறைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் நானாகவே கேட்டு மேடையேறினேன். அக்கா கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். மேடைத் தமிழ் எழவில்லை. வீட்டுத் தமிழில் சொன்னேன்:

“அக்காவின்ரை தோட்டத்துக்கு நான் வந்தது இரண்டே இரண்டு காலை. மிச்ச ஆறும் பொய். அடுத்த போகத்துக்குப் பூ விரியிற ஒவ்வொரு விடியலும் வந்து என்ரை கையாலை தட்டிவிடுவன். என்ரை கண் காணாத ஒரு தேனீயையும் இனி எந்த மேடையிலும் பறக்கவிடமாட்டன்.”