குண்டு அச்சு வாங்க வந்தவர்கள்

பழைய பொருள் விற்பவனுக்கு உள்ள பெரிய கஷ்டம், தான் விற்பது இன்னதென்று வாங்க வருபவரிடம் தானே சொல்லவேண்டியிருப்பது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். சிவாஜி நகரில் ஒரு சந்துக்குள் என் கடை. பித்தளைப் பூட்டு, தராசு, கடிகாரம் இவற்றோடு ஒரு தட்டு முழுக்கக் குண்டு அச்சுகளும் வைத்திருக்கிறேன். பார்க்கக் குறடு மாதிரி இருக்கும். வாய்ப்பக்கம் இரண்டு இரும்புக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் பாதிக் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குழி. மூடிப் பிடித்து, மேலே உள்ள துளை வழியாக உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் திறந்தால் உருண்டையாக ஒரு குண்டு விழும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்கு இப்படித்தான் வீட்டிலேயே குண்டு வார்த்தார்கள்.

துப்பாக்கி நான் விற்பதில்லை. அச்சு மட்டும்தான். எலுமிச்சம்பழம் பிழிவதற்கா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் விஷயத்தைச் சொன்னதும் கையை எடுத்துவிடுவார்கள். சொல்லாமலே தெரிந்து வருகிறவர்கள் குறைவு. அவர்களைத்தான் மறக்க முடிவதில்லை.

குடகிலிருந்து வந்த அம்மா

அறுபது வயது இருக்கும். காபித் தோட்டத்தில் தமிழ் ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ். வீட்டில் பரம்பரைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறதாம். அதோடு இருந்த அச்சு எங்கேயோ தொலைந்துவிட்டது. பூஜைக்கு வைக்கும்போது ஜோடி இல்லாமல் மூளியாகத் தெரிகிறது என்றார். குழலின் வாய் அளவை ஒரு காகிதத்தில் வட்டமாக வரைந்தே கொண்டுவந்திருந்தார்.

பொருந்துகிற அச்சைத் தேடிக்கொண்டே, அந்தத் துப்பாக்கியை இன்னும் வெடிப்பதுண்டா என்று கேட்டேன். அவர்கள் பக்கம் ஆண் குழந்தை பிறந்தால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி, அதுதான் வழக்கம் என்றார். அப்பா இறந்தபோது இரண்டு வெடியும் கேட்டாராம். அச்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று சொன்னார்:

"நான் பொறந்தப்ப எங்க வீட்டுத் துப்பாக்கி சும்மாதான் தொங்கிட்டு இருந்துச்சு. போன மாசம் பேத்தி பொறந்தா. நானே எடுத்து வெடிச்சேன்."

மருந்து பாட்டிலில் ஒரு குண்டு

முனிராஜ் வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைக்கு மேலே, காட்டை ஒட்டி. யூனிஃபார்மோடு வந்தவர், மேஜைமேல் ஒரு சின்ன மருந்து பாட்டிலை வைத்தார். உள்ளே ஒரு ஈயக் குண்டு. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தட்டை.

முப்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய அப்பா ராகிக் கொல்லையில் காவல் இருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார்கள். தொடையில் பாய்ந்து எலும்பில் முட்டி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். சுட்டது யார் என்று போலீஸ் கேட்டதற்கு, பார்க்கவில்லை என்று ஒரே பதில். அதன்பிறகு காலை இழுத்து இழுத்தே நடந்து, போன வருடம் இறந்துபோனார். குண்டை மட்டும் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தாராம்.

முனிராஜ் தட்டில் இருந்த அச்சுகளில் ஒவ்வொன்றாக அந்தக் குண்டை வைத்துப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ, ஒன்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் கிடைத்தது, நூறு வருடத்துக்கு மேல் பழசு என்று எனக்கு விற்றவர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். இதே அளவுக் குழி நூறு அச்சில் இருக்கும், இதை வைத்து எதுவும் தெரியாது என்றும் சொன்னேன். அவர் அச்சை மூடி, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"தெரியும் சார். எங்கப்பா காலுக்குள்ள போனது எதுலேர்ந்து பொறந்துச்சுன்னு ஒருதடவ கையில பிடிச்சுப் பாக்கணும், அவ்ளோதான்."

டூல் ரூம்காரர்

மல்லேஸ்வரத்து ராகவன் சார் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதுவும் வாங்கமாட்டார், எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார். முனிராஜ் வந்துபோய்ச் சில வாரம் கழித்து, அவர் வாங்கிய அச்சோடு ஒரே மூட்டையில் எனக்கு வந்த இன்னும் ஐந்து அச்சுகளை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கீல் கொஞ்சம்கூடத் தேயவில்லை. குழிக்குள் ஈயம் பட்ட கறையே இல்லை. துரு மட்டும் ஐந்திலும் ஒரே மாதிரி, யாரோ தோய்த்து எடுத்த மாதிரி. திராவகத்தில் போட்டு எடுத்தால் ஒரு வாரத்தில் இப்படி வரும் என்றார்.

இருபது வருட அனுபவம் என்று போர்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதற்குக் கீழேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ராகவன் சாருக்கு என்னைக் குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் இல்லை. ஐந்தையும் வரிசையாக மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"துரு ஏறியிருக்குப்பா. வயசு ஏறல."

பொம்மனஹள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஐந்தையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஆறாவது முனிராஜிடம் இருக்கிறது. நாலு நாள் சமாதானம் தேடினேன்: அவர் தேடி வந்தது நிறைவேறிவிட்டது, போய்ச் சொல்லி எதற்குக் கெடுக்கவேண்டும் என்று. ஐந்தாம் நாள் அந்தச் சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை. நிஜமாகவே பழைய அச்சு மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு, பொம்மனஹள்ளியில் அவர் குடியிருக்கும் மாடி அறைக்குப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். டீயைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: நான் கொடுத்தது புதுசு, பழசு மாதிரி ஆக்கியது, தெரியாமல் விற்றுவிட்டேன், மன்னிக்கணும், இதில் எது பொருந்துகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முனிராஜ் பையைத் தொடவில்லை. அச்சு இப்போது தன்னிடம் இல்லை என்றார். ஊருக்குப் போனபோது எடுத்துப்போயிருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் பைரப்பன், முனிராஜின் அப்பாவுக்குக் கூட்டாளி. அப்பாவின் கால் முடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு வருடமும் தன் நிலத்துக்கு முன்னால் இவர்கள் நிலத்தை உழுது கொடுத்தவர். அவரிடம் அச்சைக் காட்டி, இந்த மாதிரி நம்ம ஊரில் யாரிடம் இருந்தது என்று சும்மா கேட்டிருக்கிறார். பைரப்பன் அதைப் பார்த்தார். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இது என்னுடையதுதான், பன்றி என்று நினைத்துச் சுட்டேன், உங்கப்பாவுக்கு அன்றைக்கே தெரியும் என்றாராம். முப்பது வருடமாக இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அழுது முடித்ததும், அந்த அச்சைத் தனக்கே கொடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். முனிராஜ் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அது பைரப்பனுடைய அச்சு இல்லை, அவர் கையில் இருந்திருக்கவே முடியாது. நான் ஊருக்கு வந்து அந்தப் பெரியவரிடம் சொல்லவா என்று கேட்டேன். முனிராஜ் மனைவியைப் பார்த்தார். அவர் தலையசைத்து வேண்டாம் என்றார். முனிராஜ் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம் சார். அச்சு பொய்யா இருந்துட்டுப் போகட்டும். அவர் சொன்னது நெசம்."

விற்ற பொருளில் குறை இருக்கிறது என்று வியாபாரியே வீடு தேடிப் போய்ச் சொல்லி, வாங்கியவரிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டு கொண்டுபோன பையோடு அப்படியே திரும்புகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.