வேலிக்கு வெளியே போன அரிசி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபம் இல்லாவிட்டால், குற்றங்களை ஆராயும் தொழிலுக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது. நெகிரி செம்பிலானில் எங்கள் ரப்பர் தோட்டத்தின் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசி இருந்தாலும் கைதுதான். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே மாதத்தில் ஐந்து பேரைப் பிடித்துவிட்டார்கள். இந்த லயமே காட்டுக்காரன் பக்கம் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

ஐந்தாவதாகப் பிடிபட்டவள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பக்கத்து ஊரான பாரோயில் அவளுடைய தம்பி இறந்துவிட்டான். முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு ஓடியவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தம்பியின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். அவளை இந்தியாவுக்கு நாடுகடத்தப் போவதாகப் பேச்சு. கைக்குழந்தையாக இங்கே வந்தவளுக்கு அங்கே யாரைத் தெரியும்? பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

சிரம்பானுக்குப் பஸ் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மலாய்க்கார இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "சாவு வீட்டில் அரிசி இருக்காதா?"

"இருக்கும். ஆனால் அது அந்த வீட்டு அரிசி. செத்தவர் வாயில் உடன்பிறந்தவள் போடுகிற வாய்க்கரிசி அவள் வீட்டிலிருந்துதான் போகவேண்டும்."

"முதலில் பிடிபட்டவனும் இதே கதையைத்தான் சொன்னான்" என்று சிரித்தார்.

முதலில் பிடிபட்டவன் என் சொந்த அண்ணன். எங்கள் உறவில் அப்போது யாரும் சாகவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என்ன அரிசி, எவ்வளவு, யாருக்கு, யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதினேன். பிடிபட்டவர்களில் இரண்டு பேர் பால் கொடுக்கிற தாய்மார்கள். பசி தாங்காமல் பழைய சோற்றை ஒளித்துக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போனவர்கள். இன்னொருவர் ஒரு கிழவர், காட்டுக்கோழிக்குக் கண்ணி வைக்க நொய்யரிசி கொண்டுபோயிருக்கிறார்.

வேலையாட்களை மேய்க்கிற மண்டோருக்கு நான் கேலிப்பொருளாகிவிட்டேன். "டீச்சருக்கு வேற வேல இல்லியா லா? போலீசு வேலய மாத்தாவே பாக்கட்டும்."

"அவங்க பாக்குற லட்சணந்தான் தெரியுதே! பிடிக்கத்தான் தெரியும். ஏன் கொண்டு போனேன்னு ஒருத்தனாவது கேட்டானா?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணனுக்கும் வாய்க்கரிசின்னே எழுதிடுடி. அதுல என்ன கொறஞ்சிடப் போவுது?"

"அக்கா சொன்னத அப்புறம் எவன்மா நம்புவான்?"

"அவ உனக்கு யாரு? இவன் உன் கூடப் பொறந்தவன்டி!"

நோட்டை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குக் கிளம்பிவிட்டேன். லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குந்தியிருந்தான்.

"உண்மைய எழுதினா எனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அப்ப எதுக்கு என்னயக் கேக்குற?"

"உன்னயக் கேக்காம எழுத மாட்டேன்."

அவன் எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். பிறகு சொன்னான்: "மொத தடவ காட்டுக்காரன் ஒருத்தன் கத்தியக் காட்டினான், பயந்து குடுத்தேன். ரெண்டாவது தடவ நானாத்தான் கொண்டு போனேன். அவனும் பசியிலதான இருந்தான். எழுதிக்க. அந்த அக்கா புள்ளைங்க அனாதையா நிக்க வேணாம்." அதை அப்படியே எழுதினேன்.

நான் மலாயில் பெயர்த்தெழுதிக் கொடுத்த நோட்டை இன்ஸ்பெக்டர் படித்தார். அண்ணனைப் பற்றிய இடத்தில் நிமிர்ந்து, "இவன் உன் அண்ணன் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். முதல் பக்கத்துக்குத் திரும்பி, எல்லாவற்றையும் மறுபடி படித்தார்.

அந்த வாரமே அக்கா வீடு திரும்பினாள். மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். தாய்மார்களுக்கு வேலைக்காட்டிலேயே காவலோடு கஞ்சி ஊற்ற ஏற்பாடானது. சாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோகப் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி சீட்டு எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்குச் சிறை. "கல்நெஞ்சக்காரி" என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பிற்காலத்தில் எத்தனையோ சிறைகளில் உட்கார்ந்து, ஏன் செய்தாய் என்ற அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். போலீஸ்காரர்களும் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கைதிகளும் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும். ஒருவருக்காக ஒரு வரியை மாற்றினால் மற்ற வரிகள் எதற்கும் மதிப்பில்லை.

அண்ணன் உள்ளே இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். சுடுகாடு வேலிக்கு வெளியே. கேட்டில் என் பக்கத்தில் நின்ற அக்கா சீட்டைக் காட்டி முந்தானையை அவிழ்த்தாள். தனித்தனியாக இரண்டு முடிச்சு.

"சீட்டுல ஒரு பிடிதானே இருக்கு?" என்றார் காவலர்.

"ஒன்னு என்னோடது. இன்னொன்னு இவங்க அண்ணனோடது. ஜெயில்ல இருக்கான், வர முடியாது. அதயும் எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.