ஏழு கிலோ கேமராப் பை

என் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

"மூட்ட தூக்குத வேல பாத்தியளா சார்?" என்றார்.

கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன், சாக்குக்கட்டியைவிடக் கனமாக எதையும் அங்கே தூக்கியதில்லை என்றேன். பிறகு கேமராப் பையைப் பற்றிச் சொன்னேன். ஒரு கேமரா, மூன்று லென்ஸ், முக்காலி, மாற்று பேட்டரிகள். ஏழு கிலோ. முப்பது வருடமாக அதே தோளில்.

"இப்பத்தான் உள்ளங்கை அளவுல எல்லாம் வருதே. எதுக்கு சார் இந்தச் சுமை?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பாடம்போல ஒரு பதில் உண்டு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு தம்ளரையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? கேமராவுக்கு வெளிச்சம்தான் மழை. பெரிய கேமராவில் லென்ஸின் வாய் அகலம், உள்ளே வெளிச்சத்தை வாங்கும் தகடும் பெரிது. அதனால் இருட்டறையிலும் முகம் முகமாகவே தெரியும். சின்னதில் அரிசி தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக வரும். குளத்துக்கு அக்கரையில் நிற்கும் நாரையை இக்கரையில் இருந்தே பிடிக்கவும் நீளமான லென்ஸ் வேண்டும். சின்னக் கேமராக்கள் பலவற்றில் பொத்தானை அமுக்கிய பிறகு அது ஒரு கணம் யோசிக்கும், அதற்குள் பறவை போய்விடும். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "நியாயந்தான்" என்றார்.

நான் சொன்ன எல்லாமே உண்மை. ஆனால் நான் அந்தப் பையைத் தூக்கியது அவற்றுக்காக மட்டும் அல்ல. டாக்டரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் பிறந்தவன் நான். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாகப் பத்து வீடுகள் இருக்கும், அதில் ஒன்று எங்களுடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள். என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் பதினான்கு வயதில் கொழுந்து கிள்ளப் போனாள். நான் விடுதியில் தங்கிப் படிக்கக் கீழே இறங்கினேன். அவள் போனதால்தான் நான் இறங்க முடிந்தது. அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள்தான் இருந்தாள்.

கல்லூரியில் யாராவது சொந்த ஊரைக் கேட்டால், "அம்பாசமுத்திரம் பக்கம்" என்பேன். அது பொய் இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவருக்கும் அதற்கு மேல் சொன்னதில்லை.

கேமரா வாங்கியபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் ஆட்கள் வழி விடுவார்கள் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். கல்யாண வீட்டில் முன்வரிசையில் நிற்கலாம். பாபநாசத்தில் படித்துறையில் குளிக்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். யாரும் என்னை யார் எவர் என்று கேட்கமாட்டார்கள், என்ன எடுக்கிறேன் என்று மட்டும் கேட்பார்கள். சட்டைப்பையில் அடங்கும் கேமரா அந்த மரியாதையைத் தராது.

ஒரு மழைக்கால முடிவில் அக்காவைப் பார்க்க மலைக்குப் போனேன். காலையில் பனிமூட்டம் நன்றாக இருந்தது. அவள் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது, "அக்கா, அந்தச் சரிவுல கொஞ்சம் நில்லு" என்றேன். நின்றாள். அவள் கையில் கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். அவளே ஆசைப்பட்டு வாங்கியது. படத்துக்கு அது பொருந்தவில்லை என்று கழற்றச் சொன்னேன். பிறகு மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொன்னேன்.

"கண்ணாடி இல்லாட்டி நீ எங்கன நிக்கேன்னே தெரியலலே" என்றாள்.

"தெரிய வேண்டாம். அப்படியே தூரத்துல பாரு."

படம் நன்றாக வந்தது. எங்கள் புகைப்படக் குழு டவுணில் தேரோடும் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தபோது அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டினேன். கீழே 'உழைப்பு' என்று எழுதினேன். வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். அந்தக் கண்களில் எத்தனை ஏக்கம் என்றார்கள். அது கிட்டப்பார்வை என்று எனக்கு மட்டும் தெரியும்.

சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி கேட்டார். "யாரு சார் இந்த அம்மா?"

"தோட்டத் தொழிலாளி ஒருத்தங்க. பேரு தெரியல" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டு எட்டு பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க டவுணுக்கு வந்தவள், தம்பியின் கண்காட்சி என்று கேள்விப்பட்டு உள்ளே வந்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருந்தாள், கடிகாரம் கட்டியிருந்தாள், கையில் துணிக்கடைப் பை. படத்தைப் பாராட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கும் பக்கத்தில் நிற்பவளைத் தெரியவில்லை. அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னை அழைக்கவில்லை. வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை. அதிகாரி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மலைக்குப் போனபோதெல்லாம் அவள் எப்போதும்போலத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கண்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்காது என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

வருடங்கள் போயின. தோட்டத்தை மூடுகிறார்கள், எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆனது. ஒருநாள் அக்கா போன் செய்தாள். மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறி நின்று பேசினாள். காற்று இரைந்தது.

"ஏலே, வெள்ளிக்கெழம சாமான் இறக்குதோம். வியாழக்கெழம வாரியா?"

"எதுக்குக்கா?"

"ஒரு போட்டோ எடுக்கணும். அடுப்பு எரியும்போதே எடுக்கணும். எல்லாத்தையும் கட்டிட்டா வெறும் செவருல்லா இருக்கும்."

"எடுத்துருவோம்."

"அந்தப் பீரங்கியத் தூக்கிட்டு வந்துராத. நீ ரிட்டையர் ஆனப்ப ஒன் பிள்ளைய குடுத்தாங்கல்லா, சட்டப்பையில போடுத மாதிரி ஒண்ணு, அதக் கொண்டா."

பிள்ளைகள் என்று அவள் சொன்னது என் மாணவர்களை.

"அது அந்த வீட்டு இருட்டுக்குச் சரிவராதுக்கா. படம் புள்ளி புள்ளியா வரும்."

"வாரது வரட்டும். பெருசக் கொண்டாந்தா நீ அதுக்குப் பின்னாலல்லா நிப்ப. சின்னதுன்னா பக்கத்து வீட்டுக்காரி அமுக்குவா. நீயும் நானும் சேந்து நிக்கணும். நம்ம பொறந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரும் இருக்க மாதிரி ஒரு படங்கூடக் கெடையாது, பாத்துக்க."

சரி என்றேன்.

வியாழக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தேன். சின்னக் கேமரா அட்டைப்பெட்டியோடு இருந்தது. முந்தின நாளே சார்ஜ் போட்டிருந்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏழு கிலோ பையைத் தோளில் போட்டேன். இருட்டறை, அகல வாய் லென்ஸ், முக்காலி என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு பஸ் ஏறினேன். முக்காலியில் வைத்துத் தானாக எடுக்கும்படி செய்துவிட்டு நானும் போய் நிற்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். நின்றிருக்க மாட்டேன். இருபது தடவை வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, அவளை மட்டும் எடுத்துவிட்டு இறங்கியிருப்பேன்.

மணிமுத்தாறு தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காவலுக்கு இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தணிவாகத்தான் பேசினார்.

"பைக்குள்ள என்ன அண்ணாச்சி?"

"கேமரா."

"இம்புட்டுப் பெருசா? இதுக்கு அனுமதிக் கடிதம் வேணும். போனு, சின்னக் கேமராவுக்கெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டோம். மேல சொந்தக்காரங்க இருக்காங்களா? காலி பண்ண ஒத்தாசைக்குப் போறியளா?"

என் அக்கா இருக்கிறாள், நான் அங்கே பிறந்தவன் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்துக்காரர்கள், சாட்சி சொல்ல ஆள் இருந்தது. என் நாக்கு பழகிய வழியிலேயே போனது.

"சொந்தக்காரங்க இல்ல. ஆவணத்துக்காகப் படம் எடுக்கப் போறேன்."

"அப்பக் கண்டிப்பாக் கடிதம் வேணும் அண்ணாச்சி. ஒண்ணு செய்யுங்க, பைய இங்கன வச்சிட்டுப் போங்க. நான் சாயந்தரம் வரைக்கும் இங்கனதான் இருப்பேன். எறங்கும்போது வாங்கிக்கிடுங்க."

சாவடிக்குள் ஒரு தகரப் பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு மண்பானை. என் லென்ஸை அங்கே வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டிரைவர் ஒலிப்பானை அடித்தார். "சார், ஏறுதியளா இல்லியா?" என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார். "நீங்க போங்க" என்றேன். என் சட்டைப்பையில் போன் இருந்தது, அதிலும் கேமரா இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

தெரிந்த அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டேன், அவர் எடுக்கவில்லை. கீழே வந்து கால்வாய்க் கரையில் உட்கார்ந்தேன். எதிரே கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. நீண்ட லென்ஸை மாட்டி எடுத்தேன். தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பும் படம் கிடைத்தது. நல்ல படம், இப்போதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிற்பகல் பஸ் மேலே போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ரெண்டு பஸ்லயும் நீ எறங்கலியே."

"சோதனச் சாவடியில கேமராவ விட மாட்டேன்னுட்டாங்கக்கா."

"ஒன்ன விட்டாங்களா?" என்றாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"ஒன்ன விட்டாங்களான்னு கேட்டேன்."

"விட்டாங்க."

"சரி. காலையிலேருந்து அடுப்ப அணைய விடாம வச்சிருந்தேன். தண்ணி ஊத்திருதேன்."

மறுநாள் அவர்கள் சாமானோடு இறங்கினார்கள். அக்கா இப்போது முக்கூடலில் மகள் வீட்டுப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாள்.

நான்கு மாதம் கழித்துப் போனேன். சின்னக் கேமரா சட்டைப்பையில் இருந்தது. கண்காட்சியில் வைத்த அந்தப் படத்தையும் சட்டத்தோடு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு போனேன். மலையில் அவள் இருக்கிற படம் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். 'உழைப்பு' என்ற சீட்டை முந்தின நாளே சுரண்டி எடுத்திருந்தேன்.

அவள் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

"என்னக்கா, நீதான்."

"நானா? இது யாரோ தோட்டத் தொழிலாளில்லா. பேரே தெரியாதவ படத்த நான் எதுக்கு வீட்டுல மாட்டணும்?"

அத்தனை வருடமும் அவளுக்குக் கேட்டுத்தான் இருந்தது.

"தப்புதான்க்கா" என்றேன். அவள் படத்தைத் திரும்பச் சுற்றி, முனைகளை மடக்கி, முடிச்சுப் போட்டு என் பக்கம் தள்ளினாள். சத்தம் போடவில்லை. நான் சட்டைப்பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்தேன். மகளைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்லலாம், சேர்ந்து நிற்கலாம் என்றேன்.

"இங்கன என்னத்தலே எடுக்க? இது வேற ஆளு வீடு" என்றாள். "உள்ள வை. காப்பி ஆறுது."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

படம் இப்போது என் வீட்டு பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. டாக்டர் இனிமேல் பையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், தூக்குவதும் இல்லை. என்னிடம் இருபதாயிரம் படங்களாவது இருக்கும். போன வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடினேன். மூட்டம், சரிவு, இருவாச்சிப் பறவை, மழை, கூடை எல்லாம் இருக்கின்றன. நாங்கள் பிறந்த வீட்டின் உள்ளே எடுத்தது ஒன்றுகூட இல்லை. அவள் எரியவைத்துக் காத்திருந்த அந்த அடுப்பு எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.