நாற்பத்தோராம் படி

கல்லக்கா இதுவரை மலையில் பதித்த படிகள் 1,412. அவற்றில் அவர் மானத்தை வாங்கியது ஒன்றே ஒன்று.

மழையும் செருப்புகளும் அரித்துப் பள்ளமாக்கிய மலைப்பாதையில் கல் பதிப்பது அவர் வேலை. கையில் கடப்பாரை, கூட இரண்டு ஆட்கள். படி தோதாக இல்லையென்றால் மக்கள் ஓரத்துப் புல்லில் இறங்குவார்கள். புல் சாகும், மண் ஓடும், மறுபடி பள்ளம். அதனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கணவரை ஏற்றிப் பார்ப்பார். கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடமாக உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவர். அந்தக் கால்கள் போகிற வழியில்தான் ஊரே போகும் என்பது கல்லக்காவின் நம்பிக்கை.

இந்த முறை வேலையைக் கொடுத்த அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: செவ்வாய்க்கிழமை பார்க்கும்போது ஓரத்தில் புதுத் தடம் தெரிந்தால், உச்சி வரையுள்ள மிச்ச வேலை சிமெண்ட் போடுகிறவர்களுக்கு.

ஞாயிறன்று கணவர் புதிதாக முடித்த பகுதியில் நாற்பது படி ஏறினார். அடுத்ததில் கால் வைக்காமல் புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏங்க, படி கடிக்குதா?"

"அதுல ஆளுங்க உட்காந்திருக்காங்கடி!"

மூன்று நாள் தேடி, கிடைத்ததும் துள்ளிக் குதித்து, ரசமட்டம் வைத்துப் பதித்த அகலக் கல் அது. அதன்மேல் ஒரு குடும்பம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தது.

"யார் போட்டாங்களோ, நல்லா இருக்கணும். உட்காரன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அந்த வீட்டு அம்மா.

"நடக்கப் போட்டதும்மா!"

"தாராளமா நடங்க. இந்தப் பக்கம் நல்ல வழி விழுந்திருக்கு பாருங்க."

விழுந்துதான் இருந்தது. புல்லில் ஒரு முழ அகலத்துக்கு.

"அக்கா, உட்காராதீர்னு போர்டு வச்சிடலாமா?" என்றார் கூலியாட்களில் ஒருவர்.

"அதைப் படிக்கவும் உட்காருவாங்கப்பா."

கணவர் மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தார். "பஸ் படியில மெத்தை போட்டா எவன் உள்ள வருவான்? ரொம்ப அழகா போட்டுட்ட, அதான் வினை."

கல்லக்கா அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு சாக்கட்டியால் நடுவே கோடு போட்டார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அது இரண்டாகப் பிளந்து இரண்டு குறுகிய படிகளாகும். புல் தடத்தின்மேல் கரடுமுரடான நான்கு பாறைகள் உட்காரும்.