பாவுக்கு ஆகாத காற்று

எங்கள் வீட்டில் ஒரே கூடம். அதில் முக்கால்வாசியைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த மூலையில் என் கணினி. என் கணவர் பட்டுப் புடவை நெய்கிறார். நான் புடவைக்கான டிசைன்களைக் கணினியில் வரைந்து கடைக்குக் கொடுக்கிறேன். கேட்பவர்கள் நல்ல ஜோடிப் பொருத்தம் என்பார்கள். ஒருநாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வேலை கொடுக்கும் கடை முதலாளி ஒருமுறை வீட்டுக்கே வந்தார். திரையில் முழுப் புடவையையும் விரித்துக் காட்டினேன். "இந்த பார்டர மாம்பழ கலர்ல காட்டும்மா" என்றார். மாற்றினேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் காபி குடித்து முடித்தார். வட்டம் சுற்றியது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்து, "அப்ப ஒல்லியாதான் இருந்திருக்க" என்றார். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கடைக்கு வர்ற பொண்ணு வூட்டுக்காரங்க இவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருப்பாங்களாம்மா? இன்னொரு வாட்டி வர்றேன். அதுக்குள்ள மிஷின சரி பண்ணிடு. இல்லாங்காட்டி டிசைன் வேலைய வேற எடத்துல குடுக்கறாப்பல ஆயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாதம் தவறாமல் எனக்கு வேலை கொடுப்பவர் அவர் ஒருவர்தான். அவர் கைவிட்டால் நான் கணினியை மூடிவிட்டு, தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்ற உட்கார வேண்டியதுதான். நூல் சுற்றுவது மட்டமான வேலை என்று சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். எனக்கு வரைய வேண்டும்.

புதுக் கணினி வாங்க வழியில்லை. அதனால் இருப்பதையே ஓவர்க்ளாக் செய்வது என்று முடிவெடுத்தேன். அதாவது பிராசசருக்குக் கம்பெனி வைத்திருக்கும் வேகத்தை நாமே கொஞ்சம் கூட்டுவது.

"அத்த கம்பெனிக்காரனே கூட்டி வுட்டுருக்கலாமே?" என்றார் கணவர், தறியில் குறுக்கிழையை இழுத்து ஓடும் நாடாவை நிறுத்தாமல்.

"அவன் பயந்துக்கினு கொஞ்சம் கொறச்சு வச்சிருக்கான்."

"செஞ்சவனே பயப்படறான். நீ பயப்படல."

"வேகமா ஓடும்ங்க."

"நானுந்தான் வேகமா நெய்யலாம். பொடவ கொசுவலயா வரும்."

இவரிடம் பேசிப் பயனில்லை. நானும் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. முதலில் டிசைன் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். கணினிப் பெட்டியான கேபினட்டில் காற்று போகும் ஜாலியை அடைத்திருந்த பட்டுத் தூசியையும், ஆயுத பூஜைக்கு இவர் பக்தியோடு அப்பிய சந்தனத்தையும் சுரண்டினேன். பிராசசர் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த, சூட்டை இறக்கும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, பெரிய விசிறி ஒன்றை மாட்டினேன். பிறகு கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தை ஒரே ஒரு படி ஏற்றினேன். ஒரு படி ஏற்றியதும் சோதிக்க வேண்டும், சூட்டைப் பார்க்க வேண்டும், எல்லாம் சரி என்றால்தான் அடுத்த படி. வோல்டேஜைக் கண்டபடி ஏற்றினால் பிராசசர் போய்விடும். மெமரியைக் கடைசியில்தான் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கிளறினால் எது சண்டித்தனம் செய்கிறது என்று தெரியாது.

சோதிப்பதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. பிராசசரை முழு மூச்சில் வேலை வாங்கும். அதை ஓட விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் திரை இருட்டாகக் கிடந்தது. ஏற்றிய படியை இறக்கினேன். மறுநாளும் இருட்டு. பேஸ்டை வழித்துவிட்டு மறுபடி தடவினேன். அதற்கும் மசியவில்லை. கடுப்பில் ஒருநாள் சமையலைத் தள்ளிப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். கணவர், "உன் பெட்டி கத்துற கத்துக்கு நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அது சமர்த்தாக ஓடி முடித்தது.

"நான் எதிர்ல இருந்தா நல்லா இருக்குது. எழுந்து போனா உயிர வுடுது" என்று புலம்பினேன்.

"அப்ப உக்காந்துக்கினே இரு. சோத்த நான் ஆக்கறேன்" என்றார். அவர் ஆக்கிய சோற்றை ஒருமுறை சாப்பிட்டவள் நான்.

அடுத்த நாள் பாதிச் சமையலில் மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. புதுப் பொட்டலம் எடுக்கக் கூடத்துக்கு வந்தேன். என் கேபினட் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றிருந்தது. தலையில் ஓர் ஈரத் துண்டு வேறு.

"இது யாரு வேல?"

"என் வேலதான். டெய்லி செய்யறதுதானே."

"டெய்லியா!"

"நீ அடுப்பாண்ட போனதும் அது பேயாட்டம் ஊதுது. சூட்டுக் காத்து நேரா பாவு மேல வருது. பாவு காஞ்சா அறுக்காம இன்னா பண்ணும்? அதான் செவுத்தாண்ட திருப்பி வெக்கறேன். எழுந்துக்க சொல்ல பழையபடி வச்சிடறேனே" என்றார். கடைசி வாக்கியத்தைப் பெருமையாகவே சொன்னார்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டிழைகள்தான் பாவு. ஈரம் போனால் இழை அறும். அதனால் கத்திரி வெயிலிலும் அவர் நெய்யும்போது எங்கள் கூடத்தில் விசிறி சுற்றாது. தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? கேபினட்டுக்குள் இருக்கிற உள்ளங்கை அகல விசிறியும் அதில் சேர்த்தி என்றுதான் தோன்றவில்லை. அவருக்கோ, அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று தோன்றவில்லை. சுவர் அடைத்ததில் காற்று வெளியேற வழியில்லாமல்தான் பெட்டி தினமும் சூடேறி அணைந்திருக்கிறது. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். குழம்பு அடிப்பிடித்தது.

பிறகு சமாதானமாகி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தறி ஓடினால் பெட்டி முழு வேகத்தில் ஓடாது. பெட்டி ஓடினால் தறி ஓடாது. அதன்பின் படிப்படியாக ஏற்றினேன். மெமரியும் சொன்னபடி கேட்டது. முழுப் புடவைக்கும் நிறம் மாற்றினால், கண் சிமிட்டும் நேரத்தில் மாறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மதியமே வந்து நின்றார். கணவர் தறியில் இருந்தார். மறுநாள் காலையில் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை, அதுவும் முதலாளியின் கடைக்கே. கேபினட் சுவரோடு ஒட்டி நின்றது.

டிசைனைத் திறந்தேன். விசிறி இரைய ஆரம்பித்தது. திரை ஓரத்தில் சூடு காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. எனக்கு வியர்த்தது. தறியை நிறுத்தச் சொன்னால் முதலாளி ஏன் என்று கேட்பார். கேபினட்டைத் திருப்பினால் பாவு போய்விடும். பாவில் ஓர் இழை அறுந்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இவர். மவுஸைப் பிடித்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவரே தறியை விட்டு எழுந்து வந்தார். ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கேபினட்டின் முதுகை நேராகத் தன் பாவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல நெய்ய ஆரம்பித்தார்.

"மாம்பழ கலர் காட்டும்மா." உடனே மாறியது. தறியில் ஓர் இழை அறுந்தது. அவர் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி நெய்தார்.

"அரக்கு?" மாறியது. இன்னோர் இழை.

"கிளிப்பச்ச?" சேர்ந்தாற்போல நாலைந்து.

"இன்னாபா, அறுத்துக்கினே இருக்குது?" என்றார் முதலாளி.

"வெய்யிலு, மொதலாளி" என்றார் இவர். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி ஜன்னலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கேபினட்டைப் பார்த்தார். பிறகு கையில் ஆறாமல் இருந்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கல்யாண டிசைன் எல்லாம் இனிமே உனக்குத்தாம்மா" என்று எழுந்தார்.

அவர் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன். வந்து கணினியை நிறுத்திவிட்டுத் தறியிடம் போனேன். அறுந்த இழைகள் பாவில் அங்கங்கே தொங்கின. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் இவர்மேல் அவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை.

அவர் நிமிரக்கூட இல்லை. "அழுவாத. கண்ணு கலங்குனா இழ தெரியாது. அந்தாண்ட வந்து உக்காரு, முடிச்சு போடு" என்றார்.

உட்கார்ந்தேன்.