மணல் திட்டு தெரிகிற படங்கள்

அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். "அம்மாவோட பஸ்ஸுல சுத்துன ஆளு நீதானே, நீயே எழுது" என்று சொல்லிவிட்டு பந்தல்காரரோடு பேசப் போய்விட்டான். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பலருடைய வீட்டுப் புகைப்பட அல்பத்தை அம்மா ஒரு முறையாவது மடியில் வைத்துப் புரட்டியிருப்பார். எதற்காகப் புரட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியாது. அதைத்தான் நான் எழுத விரும்புகிறேன்.

அம்மா கலகெதரைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பதினெட்டு வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். அப்பா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துப் போடும் வேலையில் இருந்தார். கடைக்குப் பின்னால், மகாவலி ஆற்றைப் பார்த்தபடி இரண்டு அறை வீடு. அம்மா விடியுமுன் எழுந்து இடியாப்பம் அவித்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார். அந்த வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். எட்டு வயதோடு போய்விட்ட ஒருவரை 'அவர்' என்று எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. என்றாலும் எனக்கு மூத்தவர், அப்படித்தான் எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் ஆற்றின் நடுவே பெரிய மணல் திட்டு இருந்தது. பாகன்கள் யானைகளைக் குளிப்பாட்டக் கொண்டுவருவார்கள். வெள்ளைக்காரர்கள் வேன்களில் வந்து இறங்கி அதைப் படம் எடுப்பார்கள். அண்ணன் பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். தேங்காய்ப் பொச்சு நாரால் யானையின் முதுகைத் தேய்க்கவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. அம்மா கரையில் நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவாராம்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது. நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குத் தோட்டத்திலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். இறந்தவரின் துணிமணியை ஆற்றில் விடுவது நம் வழக்கம். அண்ணனுக்கு இரண்டே இரண்டு புகைப்படங்கள் இருந்தன. ஒன்று பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஸ்டூடியோவில் எடுத்தது, மற்றது தேர்த் திருவிழாவில் அப்பாவின் தோளில் இருப்பது. அம்மா அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்திருக்கிறார். பெரியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. "செத்த புள்ள படத்தப் பாத்துப் பாத்து அழுதா வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. துணியோட அதையும் தண்ணில விட்டுடுப்பா" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அப்பா இரண்டு படங்களையும் எடுத்துப்போய்த் துணிகளோடு சுற்றி ஆற்றில் விட்டுவிட்டார்.

கண் விழித்த அம்மா மடியைத் தடவினார். பாயை உதறினார். அப்பா வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னார். அம்மா அவரைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "சரி, பொறக்கப்போறதாவது நல்லா இருக்கட்டும்" என்றாராம். நான் வளர்ந்து கல்யாணம் ஆன பிறகுதான் அப்பா இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு நோய் நொடி இல்லாமல் இருக்கிறேன். 

தேடல் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டு அல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆற்றங்கரையில் நிற்கும் படம். அவர்களுக்குப் பின்னால் யானை, யானையைச் சுற்றி நாலைந்து பையன்கள். அம்மா அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் அண்ணன் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் எடுத்த படத்தின் மூலையில் தன் பிள்ளை நின்றிருக்கக்கூடும் என்று அன்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், தேநீர் வருமுன்பே "பழைய அல்பம் இருந்தா குடுங்களேன்" என்று கேட்டுவிடுவார். சாவு வீட்டில்கூடக் கேட்டு எங்கள் மானத்தை வாங்கியிருக்கிறார். ஊரில் 'அல்பம் அம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவோ ஒரு படி மேலே போய், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு இரவல் வாங்கிக்கொண்டு வருவார். வேலை முடிந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போவார்.

அம்மா படம் பார்க்கும் விதமே வேறு. முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார். பொல்கொல்லையில் அணை கட்டிய பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஆறு உயர்ந்துவிட்டது. மணல் திட்டு மூழ்கியது, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் குளம்போல நின்றது. திட்டு தெரியாவிட்டால் அது அண்ணன் போன பிறகு எடுத்த படம். "இது பிந்தின தண்ணி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டு தெரிந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். கரையில் எழுந்த மதில், மூங்கில் புதரை வெட்டி எழுப்பிய கடைத்தொகுதி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மாடிக் கட்டிடங்கள், யானைகள் வராமல் போனது எல்லாவற்றையும் இப்படித்தான் அவர் தெரிந்துவைத்திருந்தார். ஊரின் பழைய தோற்றத்தைப் பற்றி எழுதுகிற ஒரு பெரியவர் இதைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். அந்தக் காலத்துப் பாலம் எப்படி இருந்தது என்று கேட்டார். "பாலத்த நான் பாக்கலயே ஐயா, பாலத்து மேல நின்ன புள்ளைங்களத்தான் பாத்தேன்" என்றார் அம்மா. அவர் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருந்த வீதிக்கு ஹாஜரா ராத்தா கல்யாணமாகி வந்து சேர்ந்தபோது நான் ஏழாம் வகுப்பு. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் அழைப்பார்கள், நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். ஒரு நாள் அவர் தாய்வீட்டுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். "மாமி, இந்தப் படத்தப் பாருங்க. எங்கட நானா எடுத்தது. யானைக்குப் பக்கத்துல ஒரு புள்ள நிக்கிது" என்றார். அம்மா வாங்கிப் பார்த்தார். மணல் திட்டு, யானை, அதன் அருகே கால்சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பையன். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இவன்தான்" என்றார் அம்மா. "எம்புள்ள நிக்கிற நிப்பு எனக்குத் தெரியாதா? பொத்தான் தச்சுக் குடும்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்."

இந்த மலரின் கடைசி அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். அப்பா அதைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க முதுகுதான் பெரிதாகியது. "மொகம் வர்ற மாதிரி ஏதும் செய்ய முடியாதா தம்பி?" என்று அப்பா கேட்டதாகவும், ஸ்டூடியோக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டதாகவும் எனக்கு நினைவு. அப்பா மறையும்வரை, சுவரில் மாட்டிய அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவை நான் குண்டசாலைக்குக் கூட்டிவந்தேன். அதே ஆறுதான் இங்கேயும் சுற்றிக்கொண்டு வருகிறது. முதல் முறை அதைக் கண்டதும் "அப்பா விட்டதெல்லாம் இந்தப் பக்கமாத்தான் வந்திருக்கும், இல்ல?" என்று கேட்டார்.  கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறிப் போவதை அவர் விடவில்லை. கூடப் போவது என் வேலை. ஒரு நாள் பஸ்ஸில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத. இப்பல்லாம் அவன் மொகம் சரியா வர மாட்டேங்குது. மூக்கு வந்தா கண்ணு வர மாட்டேங்குது. ஒரே ஒரு படம் கெடச்சுட்டாப் போதும், புடிச்சுக்குவேன்." அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அம்மா பிள்ளையை இரண்டாவது முறை இழந்துகொண்டிருந்தார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

என் மகள் இந்தக் காலத்துப் பிள்ளை. "அம்மாச்சி, முதுகு இருக்குல்ல, உங்க படமும் தாத்தா படமும் இருக்கு. கம்ப்யூட்டர்ல குடுத்தா மாமா மொகத்த அதுவே செஞ்சு குடுக்கும்" என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவினார். "வேணாம் கண்ணு. வேற யாரோ பெத்த புள்ளையக் கொண்டாந்து எங்கிட்ட காட்டாத" என்றார்.

கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவுக்கு எங்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. தம்பியை டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டார். ஹாஜரா ராத்தா தந்த அந்தப் படத்தை மட்டும் கையில் வைத்திருந்தார். "போதும்டா வெளையாடுனது. திரும்பு சாமி, ஒரு தடவ திரும்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாதி ஒருவர், சிங்களப் பெண், அம்மா என்ன கேட்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். நான் சொன்னதும் அவர் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். ஒரு காலை நேரத்தில், நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மூச்சு நின்றது.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டவுடன் ஓடிவந்த உங்கள் அனைவருக்கும், இத்தனை நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தன் வீட்டில் எரித்துச் சோறு அனுப்பிய ஹாஜரா ராத்தாவுக்கும், கோப்பிக் கோப்பைகளோடு முற்றத்தில் கண்விழித்திருந்த குண்டசாலை அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. எந்த அல்பத்தையும் மறுக்காமல் அம்மாவின் மடியில் வைத்த எல்லா வீட்டாருக்கும் அதைவிடப் பெரிய நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனைத் தூக்கி வளர்த்த உறவினர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போய், அவர்களும் மறைந்துவிட்டார்கள். தம்பியும் நானும் அவருக்குப் பின்னால் பிறந்தவர்கள். அண்ணனின் முகம் தெரிந்த கடைசி மனுஷி அம்மா. இனி நீங்கள் ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தால், அது அவர்தானா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் கேட்கிறேன். பழைய அல்பங்களை எறியுமுன் ஒரு முறை பாருங்கள். ஆற்றங்கரையில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், அந்தப் படத்தை எங்களிடம் தாருங்கள். யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

பிரிவால் வாடும் பிள்ளைகள் சார்பில்,
மகள்
குண்டசாலை